சோலர்கான்ஃபிக் சுவடியில் ஐபாட்: மூலபாடமா, இடைச்செருகலா?

ஜாவாவில் எழுதப்பட்ட அப்பாச்சி சோலர் என்னும் தேடுபொறியில், கிடைத்த முடிவுகளை மனிதர் பார்க்கத்தக்க பக்கமாக ஆக்கித் தரும் வேலை ஒரு காலத்தில் வெலாசிட்டி என்ற டெம்ப்ளேட் எஞ்சினிடம் இருந்தது. அதை எப்படிப் பூட்டுவது என்பதைக் கூறும் நூல் சோலர்கான்ஃபிக் எக்ஸ்எம்எல். இந்நூலை எழுதியவர் என்று எவரையும் நேரில் காண இயலாது. படியெடுத்தவர்களைத்தான் காணலாம் என்பது அறிஞர் துணிபு. அறிஞர் என்றது இவ்வாய்வாளரை.

நூல் வரலாறு வருமாறு. சோலரை யோனிக் சீலி 2004-இல் சிநெட் நிறுவனத்தில் எழுதத் தொடங்கினார். 2006-இல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்தது. வெலாசிட்டி உள்ளே நுழைந்தது 2009-இல், 1.4 பதிப்போடு. எல்லாவற்றுக்கும் தேதி இருப்பதால் ஆராய ஒன்றுமில்லை. கால ஆராய்ச்சிக்குத் தேதியைப் போல இடைஞ்சல் தருவது வேறில்லை. தொல்காப்பியத்துக்கு அந்த இடைஞ்சல் இல்லாததால்தான் ஆளுக்கொரு நூற்றாண்டில் அதைக் கொண்டுபோய் வைத்து, பேராசிரியர் பலர் நிம்மதியாக ஓய்வுபெற முடிந்தது.

வெலாசிட்டி அமைப்புகள் ஐந்து வகைப்படும். எண்ணிப் பார்ப்போர்க்குக் கூடக்குறைய இருக்கும்; எண்ணற்க.

முதலாவது, தொடக்கம். சோலரோடு வந்த மாதிரிக் கோப்பில் வெலாசிட்டிக்கு உரிய வரியில் ஸ்டார்ட்அப் ‘லேசி’ என்று போட்டிருப்பார்கள். சர்வர் எழும்போது வெலாசிட்டி எழாது. முதல் ஆள் வந்து பக்கத்தைக் கேட்கும்போதுதான் கண் விழிக்கும். பூட்டியதில் பிழை இருந்தால் அப்போதுதான் தெரியும். அந்த முதல் ஆள் வாடிக்கையாளராக இருப்பது மரபு.

இரண்டாவது, எண்ணிக்கை. ஜாவா 0-இலிருந்து எண்ணும். வெலாசிட்டியின் ஃபார்ஈச் என்ற சுற்று 1-இலிருந்து எண்ணும். நன்று.

மூன்றாவது, பாதுகாப்பு. முகவரிப் பட்டையிலேயே ஒரு டெம்ப்ளேட்டை எழுதி அனுப்பினால் சர்வர் அதை அப்படியே இயக்கிவிடக்கூடிய ஓட்டை ஒன்று 5.0.0 முதல் 8.3.1 வரையான சோலர் பதிப்புகளில் இருந்தது 2019-இல் தெரியவந்தது. பாடபேத ஆய்வுக்குத் தொடர்பற்றது ஆகையால் விடுத்தாம்.

நான்காவது, நினைவு. டெம்ப்ளேட் கோப்பு மாறியிருக்கிறதா என்று எத்தனை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது என்பதற்கு மாடிஃபிகேஷன் செக் இன்டர்வல் என்று ஓர் எண் உண்டு. 2 என்றால் 2 விநாடிக்கு ஒருமுறை. 1 என்றால் இன்னும் சுறுசுறுப்பு. 0 என்றால்? இடைவெளியே இன்றி ஓயாமல் பார்க்கும் என்பர் கணக்கு அறிந்தோர். பார்க்கவே பார்க்காது என்பதே உண்மை. இவ்விடத்துக்கு ஒரு சாரார் ‘சுறுசுறுப்பின் எல்லை சோம்பல்’ என்று உரை கூறுவர். மற்றொரு சாரார் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்புவர். பின்னவர் கொள்கையே சிறந்தது (காண்க: மேற்படி சர்வர்).

ஐந்தாவது, எழுத்து. வெலாசிட்டி 1.x பதிப்புகளை அவற்றின் போக்கில் விட்டால் டெம்ப்ளேட் கோப்பை ஐஎஸ்ஓ 8859-1 என்றே வாசிக்கும். தமிழில் ஓர் உயிரோ மெய்யுருவோ துணைக்குறியோ யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும். ஆகவே பட்டனில் ‘தேடு’ என்று எழுதிவைத்தால் அது 12 துண்டாக உடையும். ‘த’ மட்டும் என்ன ஆகிறது என்று உற்றுப் பார்த்தோம்: தலையில் கோடு சாய்ந்த ஓர் ஆங்கில எழுத்து, அடுத்து வட்டத்துக்குள் பதிவுபெற்ற வணிகச் சின்னம், அடுத்து நாணயக் குறி. ‘ட’வுக்கும் அதே வணிகச் சின்னம் உண்டு. தமிழ் மெய்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் வணிகச் சின்னம் இயல்பிலேயே பொதிந்து கிடக்கிறது என்பதும், ‘த’வுக்கு மேற்கொண்டு காசும் உண்டு என்பதும் இதனால் பெறப்படும். மொழியைத் தம் பெயரில் பட்டா போட்டுக்கொள்ள விழைவோர்க்கு இது வலுவான அகச்சான்று (காண்க: இவ்வாய்வாளரின் இன்னும் எழுதப்படாத நூல், திருத்திய இரண்டாம் பதிப்பு).

ஆறாவது, இன்மை. மதிப்பு கிடைக்காத மாறியை வெலாசிட்டி மறைக்காது. டாலர் குறியும் கையுமாக அதன் பெயரையே பக்கத்தில் நிறுத்திவைக்கும். டாலருக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் அடங்கிவிடும். நம் வார இதழ்களில் கூச்சலிடப் பயன்படும் குறி இங்கே வாயை மூட உதவுகிறது.

இதனினும் நுட்பமான இன்மை ஒன்று உண்டு. நூலகத் தேடுபக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘சோழர்’ என்று தேடுகிறோம். முடிவுகளைச் சுற்றிவரும் ஃபார்ஈச்சுக்குள் ஒரு செட் இருக்கிறது: ஆவணத்தின் ஆசிரியர் பெயரை எடுத்து ஒரு மாறியில் வை. முதல் முடிவு பொன்னியின் செல்வன். மாறிக்குள் கல்கி வந்து உட்காருகிறார். இரண்டாவது முடிவு, ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு கல்வெட்டுத் தொகுதி. வெலாசிட்டி 1.x-இல், நாமாக மாற்றி அமைத்தாலன்றி, வெறுமையை மாறிக்குள் வைக்க இயலாது. வைக்கச் சொன்னால் பேசாமல் பழையதையே வைத்துக்கொள்ளும். திரையில் கல்வெட்டுத் தொகுதிக்கு ஆசிரியர் கல்கி. மூன்றாவதாக வந்த சோழர் காலச் செப்பேட்டுக்கும் கல்கி. பெயருடைய இன்னொருவர் வரும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார்.

இதைப் பிழை என்பர் புரோகிராமர். டைரக்டிவ் செட் நல் அலவுட் என்ற அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கினால் தீரும் என்பர். தீர்க்கலாகாது என்பது நம் கொள்கை. இலக்கிய வரலாறு இம்முறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஔவை என்ற பெயர் ஒருமுறை மாறிக்குள் புகுந்தது. அதியமான் காலத்துப் பாட்டும் ஆத்திசூடியும் ஊர் ஊராக வழங்கும் தனிப்பாடலும் அதே கணக்கில் ஏறின. பிறகு ‘ஔவையார் எத்தனை பேர்’ என்று ஆராய்ந்து பட்டம் பெற வழி பிறந்தது. அந்த அமைப்பை அன்றே ‘ட்ரூ’ ஆக்கியிருந்தால் எத்தனை பேருக்கு வாய்மொழித் தேர்வே நடந்திருக்காது, முந்திரி பக்கோடாவும் கிடைத்திருக்காது.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான வரிக்கு வருவோம்.

மாதிரிக் கோப்பின் ‘ப்ரவுஸ்’ படலத்தில், வெலாசிட்டிக்குரிய கட்டளைகளைத் தொடர்ந்து ஃபேசட் கொயரி என்று இரண்டு வரிகள் உள. ஒன்றின் உள்ளே ‘ஐபாட்’ என்றும் மற்றதன் உள்ளே ‘ஜிபி’ என்றும் இருக்கும். அவற்றுக்குக் கீழே விலையை 0 முதல் 600 வரை, ஐம்பது ஐம்பதாகப் பகுக்கச் சொல்லும் வரிகள். தேடிக் கிடைத்த ஆவணங்களில் எத்தனை ஐபாட் பற்றியவை என்று எண்ணுக என்பது அந்த வரியின் பொருள். இப்படலத்தை அப்படியே படியெடுத்துச் சித்த மருத்துவச் சுவடிகளுக்குத் தேடுபக்கம் அமைத்தாலும் அது எண்ணும். ஒருவர் ‘நிலவேம்பு’ என்று தேடுவார். சோலர் நிலவேம்பைத் தேடி, அதில் ஐபாட் எத்தனை என்று பார்த்து, 0 என்று குறித்துக்கொள்ளும். திரையில் காட்டாவிட்டாலும் எண்ணுவதை நிறுத்தாது. பயன் கருதாத உழைப்புக்கு இதைவிடச் சான்று பல்கலைக்கழகங்களுக்குள்தான் கிடைக்கும்.

இவ்வரி மூலபாடமா, பிற்காலத்தார் செருகியதா?

இடைச்செருகல் கட்சியார் கூறுவது: நிலவேம்போடு ஐபாட் ஒட்டவில்லை, ஒட்டாதது செருகல். இவர்கள் ஏட்டுச் சான்றும் காட்டுவர். ஸ்டேஜிங் ஏட்டில் வரி உண்டு. ப்ரொடக்ஷன் ஏட்டில் கமெண்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வேலையை விட்டுப்போனவரின் லேப்டாப் ஏட்டில் இருமுறை வருகிறது (காண்க: அந்த லேப்டாப், டெஸ்க்டாப்பில் ‘புதிது’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘புதிது ஃபைனல்’, அதற்குள் ‘இதுதான் ஃபைனல்’, 7ஆம் கோப்பு, திறக்கவில்லை).

மூலபாடக் கட்சியார் கூறுவது: சோலரோடு வந்த மாதிரி ஆவணங்களில் ஐபாட் இருக்கிறது. 60 ஜிபி வீடியோ ஐபாட் ஒன்று, விலை 399 டாலர்; ஐபாட்டுக்கான யூஎஸ்பி கேபிள் ஒன்று, விலை 11.50. மாதிரிச் சரக்குக்கு மாதிரிக் கேள்வி எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். இதுவே உண்மை. ஆகையால் இதை வைத்து ஒரு கருத்தரங்கு கூட நடத்த முடியாது.

மூன்றாம் வழி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காட்டியது. எங்கோ கிடக்கும் சொல்லைப் பெயர்த்தெடுத்து வந்து இங்கே மாட்டிப் பொருள் கொள்வது. ‘ஐபாட்’, ‘ஜிபி’, கீழ்வரியிலுள்ள ‘600’, அதற்கும் கீழுள்ள ‘50’ ஆகியவற்றைக் கூட்டுக: ‘600 டாலருக்குள் 50 ஜிபி ஐபாட் கிடைக்குமா?’ கோப்பை எழுதியவர் தம் மனக்குறையை வெளிப்படக் கூறாது, நான்கு வரிகளில் சிதறி வைத்தார் என்பது இதனால் விளங்கும். விளங்காதார் இலக்கணப் பயிற்சி இல்லாதார் (காண்க: மேற்படி எழுதப்படாத நூல், முன்னுரை மட்டும் ஆயத்தம், அதில் நெறியாளர்க்கு நன்றி கூறும் பகுதி அச்சுக்குப் போய்விட்டது, நூலுக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டுவிட்டது).

இக்கால உரை மரபு ஒன்றும் வாய்மொழியாக வழங்குகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: “அண்ணா, இந்த ஐபாட் லைன் எதுக்குண்ணா?” மூத்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஓடுதுல்ல? தொடாத.” உரையாசிரியர் பரம்பரையில் இதனினும் சுருக்கமான உரை எமக்குக் கிடைத்திலது. அந்தப் பையன் இப்போது மூத்தவன். அவனும் இவ்வுரையே சொல்லிவருகிறான்.

ஆயினும் முடிவான சான்று வேறு இடத்தில் கிடைத்தது. சோலர் 8.4-இலேயே வெலாசிட்டியை ஒதுக்கச் சொல்லி அறிவித்தார்கள். அடியோடு நீக்கிய 9.0 பதிப்பு வெளிவந்தது 2022 மே மாதம். ஐபாட் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக ஆப்பிள் அறிவித்ததும் 2022 மே மாதம். கோப்பெருஞ்சோழனைக் கண்ணால் காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையார், அவன் வடக்கிருந்த இடத்துக்கு வந்து தாமும் உடனிருந்து உயிர்விட்டார். ஐபாட்டும் ஒருநாளும் சோலரைக் கண்டதில்லை. வெலாசிட்டிக்கோ ஐபாட் என்பது எக்ஸ்எம்எல் வரி ஒன்றில் கேட்ட பெயர் மட்டுமே. செருகப்பட்டவர் இப்படிச் சேர்ந்து போவாரோ? ஆகவே மூலபாடமே.

‘இது தற்செயல்’ என்பர் மறுகட்சியார். தற்செயலை ஒப்புக்கொண்டால் துறையையே இழுத்து மூட நேரும் என்பதை அவர்களும் அறிவர். அவர்களுக்கும் அதே துறைதான் சம்பளம் தருகிறது. ‘ஜிபி’ என்ற வரியின் ஆராய்ச்சி அடுத்த நிதியாண்டில் வெளிவரும்.