ஈசானிய மூலையில் புழுக்கை: வளர்ப்பு முயலின் இடத்தேர்வு குறித்த ஓர் ஆய்வு

முயலியலில் தமிழர் பங்களிப்பு அரைகுறையானது. வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் முயலை எய்த அம்பைப் பற்றிப் பேசுகிறார். அம்புக்குத் தப்பிய முயல் எங்கே ஒதுங்கும் என்று சொல்லவில்லை. பழமொழிக்காரர்களோ அதன் காலை எண்ணுவதிலும் இல்லாத கொம்பைத் தேடுவதிலும் காலம் கழித்துவிட்டார்கள். தவிர, அது காட்டு முயல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி வீட்டில் வைக்க முடியாது. கடையில் விற்கும் வெள்ளை முயலுக்குப் பூர்வீகம் ஸ்பெயின் பக்கம்.

ஆய்வுக்களம், செம்பரம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன். ஆய்வுப்பொருள் சுப்பு, ஒரகடத்திலிருந்து புனேவுக்கு மாற்றலாகிப் போன நண்பர் விட்டுச் சென்ற ஆண் முயல். ஆய்வுக்குழு, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நானும் மனைவியும். மேற்பார்வை, கீழ்வீட்டு ஹவுஸ் ஓனரம்மா, யாரும் கேட்காமலே.

முதல் கருதுகோள் தொழிற்சாலையிலிருந்து வந்தது. எங்கள் ஃபைவ் எஸ் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், சுற்றிலும் மஞ்சள் கோடு. அதன்படி பாத்ரூமை ஒட்டி, வாஸ்துவும் சம்மதிக்கும் வாயு மூலையில், பிளாஸ்டிக் டப் வைத்து மஞ்சள் டேப் ஒட்டினேன். சுப்பு டேப்பை முகர்ந்தது. ஒரு முனையைப் பல்லால் உரித்தது. டேப்பைப் பிடுங்கி எறிந்தேன். சுப்பு ஹாலைக் கடந்து ஈசானிய மூலைக்குப் போய், பின்புறத்தைச் சுவரோரம் ஒட்டி, வாலை லேசாகத் தூக்கி, எங்களைப் பார்த்தபடியே காரியத்தை முடித்தது. வால்தான் முன்னறிவிப்பு. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் 24 அடியை எட்டும்வரை அளந்துகொண்டிருக்க ஆள் உண்டு. இங்கே வாலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே துணி எடுக்கக்கூட நேரமில்லை.

"தம்பி, அது சாமி மூலை!" என்றார் ஹவுஸ் ஓனரம்மா.

பிழை முயலுடையதல்ல, கோட்பாட்டினுடையது. வாஸ்து அடுப்பை அக்னி மூலையில் வைத்துக் கழிப்பறையைத் தள்ளி வைக்கிறது. முயலோ புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடும் ஜீவன். ஒரு நாளைக்கு 200, 300 உருண்டை சர்வசாதாரணம். போதாக்குறைக்கு, மெத்தென்று வரும் ஒரு வகையைக் குனிந்து நேராக வாயிலேயே வாங்கித் தின்றுவிடும். அதிலுள்ள சத்து அதற்கு வேண்டும். சமையலறை வேறு, கழிப்பறை வேறு என்ற நாகரிகம் அதற்கு எட்டவில்லை.

ஆகவே டப் ஈசானியத்துக்கு இடம்பெயர்ந்தது; சாமி ஷெல்ஃப் எதிர்ச்சுவருக்கு. டப்பின் அடியில் பழைய நியூஸ்பேப்பர், ஒரு ஓரத்தில் கைப்பிடி காய்ந்த புல், அடையாளத்துக்கு அதன் சொந்தப் புழுக்கை கொஞ்சம். கெட்டியாகிக் கட்டிக்கொள்ளும் பூனை மணல் கூடாது. தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். தரையில் வெள்ளையாகக் காய்ந்திருப்பது சுண்ணாம்புச் சத்து. வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். சில கீரை தின்ற பிறகு சிறுநீர் ஆரஞ்சாக வந்தால் ரத்தமென்று அலற வேண்டாம் (நாங்கள் அலறினோம்).

எஞ்சியது எல்லை குறிக்கும் ஆண் புத்தி. அதற்கு மஞ்சள் டேப் மருந்தல்ல, கருத்தடை அறுவை சிகிச்சை. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்தோம். ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆனது. அதற்குப் பிறகு சோபா காலடியில் தெளிப்பது நின்றது.

முயல் புழுக்கையை மக்க வைக்காமலே செடிக்குப் போடலாம் என்பதை ஓனரம்மாவிடம் சொன்னது என் மனைவி. அவருடைய கறிவேப்பிலை இப்போது தளதளவென்று நிற்கிறது. ஈசானிய மூலை குறித்து அவருடைய திருத்திய நிலைப்பாடு: "சந்திரன்லயே முயல் கறை இருக்கு. போகட்டும் தம்பி, அந்தப் புழுக்கைப் பையை மட்டும் கீழ குடுத்துவிடுங்க."