விலக்கண்ணன்

"தம்பி, நீங்க எந்த ரெகுலேஷன்?"

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த அன்று கைடு என்னிடம் தலைப்பைக் கேட்டார். ஆராய்ச்சிப் பிரிவில் செலானைக் கேட்டார்கள். விலக்கண்ணன் ஒருவர்தான் இதைக் கேட்டார், ஜோசியர் நட்சத்திரம் கேட்கிற குரலில். 2016 என்றேன். "நல்ல ஜாதகம்" என்று தோளில் தட்டினார்.

அவருடையது 2009. யுஜிசி அந்த ஆண்டு போட்ட விதியில்தான் எல்லோருக்கும் குறைந்தது ஒரு செமஸ்டர் கோர்ஸ் ஒர்க் என்று வந்தது. 2016 விதி கொஞ்சம் இரக்கப்பட்டது. எம்ஃபில் முடித்துவிட்டு வருகிறவர்களுக்குத் துறை கோர்ஸ் ஒர்க்கிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று அதில் ஒரு வரி உண்டு. அண்ணனிடம் எம்ஃபில் இருக்கிறது. ஆனால் 2009 விதியில் பதிந்தவருக்குக் கடைசிவரை 2009தான். பிறந்த ராசி ஒன்று, பலன் மட்டும் அடுத்த ராசிக்கு உள்ளது வேண்டும் என்பதுதான் அவருடைய வழக்கு. 2022 விதியில் சேர்ந்த பிள்ளைகளைக் கண்டால் துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டுவார். "எம்ஃபிலையே எடுத்துட்டான். குறைஞ்சது 12 கிரெடிட் படிக்கணும். பாவம்."

கோர்ஸ் ஒர்க் என்பது நான்கு தாள். ஒரு செமஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முடிந்துபோகும். அதை எழுதாமல் இருப்பதற்கு அண்ணன் மூன்று ஆண்டு உழைத்தார்.

உழைப்பு என்றால் மனு. ஆய்வில் அவர் பகுதிநேரம், மனுவில் முழுநேரம். நிர்வாகக் கட்டடத்துக்கு எதிர் டீக்கடையில், ரெக்ஸின் பையை மடியில் வைத்துக்கொண்டு, அரசிதழ் நகல்களை ஒவ்வொன்றாக எடுப்பார். மடிப்புகள் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும். மஞ்சள் ஹைலைட்டர் அடித்த இடங்களைவிட அடிக்காத இடங்களே பளிச்சென்று தெரியும். முழுத்தாளில் 'பொருள்' என்று எழுதி இரட்டைக் கோடு போடுவார். அப்புறம் 'பார்வை'. அங்கேதான் அவருடைய மேதமை. முதல் மனுவில் பார்வை இரண்டே இரண்டு: அரசிதழ் ஒன்று, சுற்றறிக்கை ஒன்று. இரண்டாவது மனுவில் மூன்று, ஏனென்றால் முதல் மனுவும் சேர்ந்துகொண்டது. ஏழாவது மனுவில் பார்வையே முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டது. அதில் ஆறு அவரே எழுதியவை. ஆய்வேட்டில் இத்தனை மேற்கோள் காட்டியிருந்தால் என்றைக்கோ டாக்டராகியிருப்பார்.

பிரிவுக் கண்காணிப்பாளர் நல்ல மனுஷன். ஒவ்வொரு முறையும் வாங்கி, முத்திரை குத்தி, "பார்க்கலாம்" என்பார். அண்ணன் வெளியே வந்து எங்களிடம் அந்த 'லாம்'முக்குப் பதவுரை சொல்வார். 'வேண்டும்' என்றிருந்தால் கட்டாயம். 'கூடாது' என்றிருந்தால் தடை. 'லாம்' என்றால் கதவு திறந்துதான் இருக்கிறது, தள்ளத் தெரியணும் தம்பி.

மூன்று ஆண்டு தள்ளினார். அதற்குள் அவரோடு சேர்ந்தவர்கள் கோர்ஸ் ஒர்க் எழுதி முடித்தார்கள். அதில் ஒருவர் அதே துறைக்குக் கௌரவ விரிவுரையாளராக வந்து, கோர்ஸ் ஒர்க் மாணவர்களுக்கு ஆய்வு முறையியலும் நடத்த ஆரம்பித்தார். அண்ணன் அவரைப் பார்த்து வருத்தப்பட்டார்: "அவசரப்பட்டுட்டான்."

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி சொல்வது சிரிப்பில்லை. என்னிடமும் எம்ஃபில் இருந்தது. "நீங்க எதுக்கு வகுப்புக்குப் போறீங்க? 2016 ஜாதகம். விலக்கு நம்ம உரிமை" என்றார். எனக்கு மனு எழுதிக் கொடுத்தவரும் அவரே. நான் வகுப்புக்குப் போகவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: எம்ஃபில் வேறு துறையில் பெற்றது, ஆகவே விலக்கு இல்லை. 'லாம்' என்றால் அளிக்காமலும் இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த பேட்சில், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான்கு தாளும் எழுதினேன். அந்த வருஷக் கட்டணம் போனது போனதுதான். அண்ணனிடம் சொன்னபோது ஒரு வார்த்தை மன்னிப்பு வரவில்லை. பையைத்தான் திறந்தார். "அப்பீல் போவோமா?"

அன்றிலிருந்து ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. டீக்கடையையே மாற்றிக்கொண்டேன்.

பேச வைத்தது எங்கள் துறைத் தோழி ஒருத்திக்கு வந்த பிரச்சினை. எட்டாம் மாதம். பிரிவில் விடுப்புக் கேட்டதற்கு, "முழுநேர ஆய்வுக்கு ஏதும்மா லீவு? பதிவை விட்டுட்டு அப்புறமா சேர்ந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவள் படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் வந்தார். "தாயி, எந்த ரெகுலேஷன்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, செலோடேப் ஒட்டிய ஒரு தாளை எடுத்து விரித்தார். பெண் ஆய்வாளர்களுக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை, மகப்பேற்றுக்கோ குழந்தை பராமரிப்புக்கோ 240 நாள் வரை விடுப்பு. ஆறு ஆண்டு உச்சவரம்புக்கு மேல் இரண்டு ஆண்டு சலுகை வேறு. இரண்டும் 2016 விதியிலேயே இருந்தன. அச்சான தாள் அதே கட்டடத்தில்தான் இருந்திருக்க வேண்டும், ஒருவரும் புரட்டிப் பார்த்திருக்கவில்லை. அன்று அவர் எழுதிய மனு அரைப் பக்கம். பார்வை ஒன்றே ஒன்று. நான்கே நாளில் ஆணை வந்தது.

அண்ணன் இன்னும் டாக்டராகவில்லை. கோர்ஸ் ஒர்க்கை ஒருவழியாக எழுதிவிட்டார் என்று கேள்வி. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் டீ ஆறுகிறது என்பார். தோழி போன மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். பைண்டிங் கடையிலிருந்து நேராகக் கொண்டுவந்து, நன்றியுரைப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். கைடுக்கு அடுத்து அவர் பெயர். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டு, பக்கத்தை விரலால் அளந்தார்.

"இடது பக்க மார்ஜின் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கீங்களா தாயி?"