பெட்டி வந்த வீட்டு விருந்து

சென்னையில் அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். கோயம்பேட்டுக் காய் என்றாலே முகம் சுளிப்பார். வியாழன்தோறும் அவர் வீட்டு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கும். இயற்கை விவசாயிகளிடம் நேரே வாங்கி அனுப்புகிறார்களாம். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது. தோட்டத்தில் எது காய்த்ததோ அதுதான் வரும். சந்தா முன்கூட்டியே கட்டியாயிற்று. சித்திரையில் நான்கு வாரமும் பூசணிக்காயே வந்தாலும் சிரித்த முகமாக வாங்கி வைக்க வேண்டியதுதான். காயில் மண் ஒட்டியிருந்தால் கழுவமாட்டார், நம்மிடம் காட்டுவார். புழு இருந்தால் இன்னும் விசேஷம்: "புழு சாப்பிட்டிருக்கு பாருங்க, மருந்தே அடிக்கல!"

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெயர் தெரியாத காய் வரும் வாரத்தில்தான் அவருக்கு விருந்தாளி ஞாபகம் வருகிறது. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வந்தால் குடும்பத்தோடு தின்று முடித்துவிடுவார். அதலைக்காய் வந்தால் நமக்கு போன் வரும். "சனிக்கிழமை ராத்திரி கட்டாயம் வரணும் சார். வெளியில கிடைக்காத ஐட்டம்."

அதலைக்காய் விருதுநகர், மதுரைப் பக்கத்துக் கரிசல் காட்டில் மழைக்காலத்தில் தானாக முளைக்கும் கொடி. பாகற்காய்க்குச் சித்தப்பா மகன். பறித்த ஓரிரு நாளில் வெடித்துவிடும் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் உடனுக்குடன் வதக்கிவிடுவார்கள். நம்மவர் வியாழக்கிழமை வந்ததைச் சனிக்கிழமை விருந்தாளிக்காக எடுத்து வைப்பார். விருந்தாளி வருவதற்குள் பாதிக் காய் வாயைப் பிளந்து கிடக்கும். "விதையிலதான் சத்தே இருக்கு" என்று அதையும் சட்டியில் தள்ளுவார்.

சமையல் குறிப்புக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காயைப் படமெடுத்துப் போடுவார். பெரியப்பா 'சுகருக்கு நல்லது' என்பார். எந்தப் படத்துக்கும் அவர் அதைத்தான் சொல்வார். புது ஃபிரிட்ஜ் படத்துக்கும் அதைத்தான் சொன்னார். அத்தை இரு கை கூப்பி ஒரு பொம்மை அனுப்புவார். ஊரிலிருக்கும் அம்மா மட்டும், "இதை வரப்புல சும்மா பறிச்சுட்டு வருவோமேடா, இதுக்கா காசு குடுத்த?" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார். செய்முறை கடைசிவரை வராது.

விருந்து 8 மணிக்கு. 9 மணிக்கும் அடுக்களையில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கருப்பு கவுனி அரிசி. முந்தின இரவே ஊறப்போட்டிருக்க வேண்டியது, சாயங்காலம்தான் ஊறியிருக்கிறது. அது வேகும்வரை நமக்குச் சொற்பொழிவு. ஜப்பானில் 1970களிலேயே இல்லத்தரசிகள் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது, அமெரிக்காவில் 1986இல் இந்தச் சந்தா முறை தொடங்கியது எல்லாம் வரும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் படத்தைக் காட்டி ஒரு பத்து நிமிஷம். பிறகு, "நெல் ஜெயராமன் 174 வகை பாரம்பரிய நெல்லை மீட்டெடுத்தாரு, தெரியுமா?" என்பார்.

"அதுல ஒண்ணுகூட இன்னும் வேகலையா அங்கிள்?" என்று கேட்கும் ஒரு வாண்டு. தாய் அதன் தொடையில் கிள்ளுவாள், ஆனால் வலிக்கிற மாதிரி கிள்ளமாட்டாள்.

இலையில் முதலில் விழுவது பிரண்டைத் துவையல். பக்குவமாகச் செய்தால் அமிர்தம். இளந்தண்டாகப் பார்த்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நீக்கி, நாரை உரித்து, எண்ணெயில் நிறம் மாறச் சுருள வதக்கி, புளி சேர்த்து அரைக்க வேண்டும். தண்டில் ஊசி ஊசியாக ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. அரைகுறையாக விட்டால் தொண்டையைப் பதம் பார்க்கும். நம்மவரோ 'ரொம்ப வதக்கினா சத்துப் போயிடும்' கட்சி.

முதல் கவளம் இறங்கியதும் பந்தியில் பேச்சு நின்றுவிடும். யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள். ஒருவர் கனைப்பார். எதிர்வரிசையிலிருந்து இன்னொருவர் பதில் கனைப்புக் கொடுப்பார். "எப்படி, உள்ள இறங்குறதே தெரியுதுல்ல?" என்பார் நம்மவர். தெரியும். எங்கெங்கே இறங்குகிறது என்று அங்குலம் அங்குலமாகத் தெரியும். "வித்தியாசமா இருக்கு சார்" என்பார் ஒருவர். "உப்பு கரெக்டா இருக்கு" என்பார் பொய் சொல்லத் தெரியாத இன்னொருவர். முதலில் காலியாகும் பாத்திரம் அப்பளத் தட்டு. கடைசியில் அவர் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவார். அந்த அம்மாள் எந்தச் சனிக்கிழமையும் மாவு அரைக்க மறந்ததில்லை.

இத்தனைக்கும் ஒரு தை மாதம் அந்த வீட்டில் அருமையான விருந்து நடந்தது. பெட்டியில் வந்தது சிறுகிழங்கு. மார்கழி, தையில்தான் கிடைக்கும். நெல்லைக்காரர்களுக்கு அது இல்லாமல் பொங்கல் இல்லை. ஒவ்வொன்றாகக் கத்தியால் சுரண்டினால் பொழுது விடிந்துவிடும், விரலும் கறுத்துவிடும். ஊரில் தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்ப்பார்கள். இதைக் கேள்விப்பட்ட நம்மவர் மூன்றாம் மாடியில் சாக்கைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்க ஆரம்பித்தார். நாலாவது அடியில் காலிங் பெல் அடித்தது. சண்டைக்குத் தயாராக வந்து நின்றார் கீழ்வீட்டுப் பாட்டி, அம்பாசமுத்திரத்துக்காரர். சாக்கிலிருந்து உருண்டு வந்த ஒன்றைப் பார்த்தார்.

"சிறுகிழங்கா? என்னய்யா பண்ணுதீய? தோலு உரிக்கீயளா, தளத்த ஒடைக்கீயளா? இங்க கொண்டாங்க."

அவ்வளவுதான், அடுக்களை கைமாறியது. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துப் போட்டு அவர் இறக்கிய பொரியலை அன்று யாரும் 'வித்தியாசமா இருக்கு' என்று சொல்லவில்லை, மறுசோறு வாங்கினார்கள். நம்மவர் மட்டும், "பார்த்தீங்களா, இயற்கை விவசாயத்தோட ருசி!" என்றார். பாட்டி காதில் அது விழவில்லை.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. காயை அனுப்புகிறார்கள்; அதைப் பக்குவம் பண்ணத் தெரிந்த கையை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. ஆகவே, பெட்டிக்கார அன்பர்களே, வியாழக்கிழமை வந்ததை வெள்ளிக்கிழமை வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். சனிக்கிழமை காலை தொண்டை சரியாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். விருந்தாளிகளுக்கும் ஒரு வார்த்தை: சிறுகிழங்கு என்று அழைப்பு வந்தால் தட்டாமல் போங்கள். பிரண்டை என்றால், வதக்கப்போவது யார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.