கனவான்களின் குதிரைப் பசி

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டலாம். கட்டி, அதில் ஏறிப் பறக்கவும் செய்யலாம். 1952-இலிருந்து இதற்கென்றே சட்டத்தில் ஒரு தனி வகை இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்றுக்கொள்வதற்காகவும் பொழுதுபோக்காகவும் நீங்களே செய்திருக்க வேண்டும். அதைக் காட்டிவிட்டால் போதும், விமானம் உங்களுடையது. செஸ்னா கம்பெனி கட்டிய விமானத்தை வைத்திருப்பவர் ஒரு பம்ப்பை மாற்றுவதென்றால்கூட அங்கீகாரம் பெற்ற பாகம் வேண்டும், மெக்கானிக் கையெழுத்து வேண்டும், காகிதம் வேண்டும். கார் ஷெட் கனவானுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எந்த எஞ்சினை வேண்டுமானாலும் மாட்டலாம். ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் பறந்திருக்கிறது, ஷெவர்லே கார்வேர் எஞ்சின் பறந்திருக்கிறது, சுபாரு எஞ்சினும் பறந்திருக்கிறது. மாற்றினேன் என்று அதிகாரிக்குத் தெரிவித்து, லாக் புத்தகத்தில் எழுதி, ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் சில மணி நேரம் சோதனை ஓட்டம் முடித்தால் ஆயிற்று.

வானத்தில் இத்தனை சுதந்திரம் வேறு எவருக்கும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு இந்தக் கனவான்களில் பலர் செய்த மகத்தான காரியம், இருபது குதிரை கூட்டியது.

ஐயா, கோபித்துக்கொள்ளாமல் கணக்கைப் பாருங்கள். 160 குதிரைத்திறனை 180 ஆக்கினால் திறன் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் காற்று உங்களைப் போல் தாராள மனசு படைத்ததில்லை. வேகம் திறனின் கனமூலத்தோடுதான் ஏறும். மணிக்கு 200 மைல் போன விமானம் இனி 208 மைல் போகும். 300 மைல் பயணத்தில் உங்களுக்கு மிச்சம் மூன்றரை நிமிடம். அந்த மூன்றரை நிமிடத்துக்காக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கழற்றினீர்கள். மவுன்ட் மாற்றினீர்கள், மூக்கு மூடியை வெட்டி ஒட்டினீர்கள், ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை என்று அதையும் புதிதாக வாங்கினீர்கள். மூக்கு கனத்துவிட்டது என்று பேட்டரியைத் தூக்கி வால் பக்கம் வைத்தீர்கள். இறங்கியதும் ஹேங்கர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அந்த மூன்றரை நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மேலேறும் வேகம் கூடும், அது நிஜமான லாபம். மலைநாட்டில், வெயில் நேரத்தில், குட்டை ஓடுபாதையில் இறங்கி ஏறுகிறவர் இருபது குதிரை கேட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் கடல் மட்டத்தில் ஒரு மைல் நீள ஓடுபாதையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பறப்பவருக்கு எந்த மலை குறுக்கே நிற்கிறது? பக்கத்து ஹேங்கர்காரரிடம் 180 இருக்கிறதே, அந்த மலைதான்.

வான்ஸ் நிறுவனம் ஆர்வி-9 என்ற விமானத்தை வீட்டில் கட்டும் கிட்டாக விற்றபோது 160 குதிரைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியே விற்றது. வாங்கியவர்களில் சிலர் 180-ஐ மாட்டினார்கள். வடிவமைத்த ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் பெரிய எஞ்சின்களின் ஆபத்தைப் பற்றி எழுதியும் பார்த்தார். தாண்டவே கூடாத வேகம் என்று ஒன்று ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. அதற்கு மேல் போனால் இறக்கையும் வாலும் ஃப்ளட்டர் என்ற நடுக்கம் கண்டு நொடிகளில் பிய்ந்து போகலாம். எஞ்சின் பெரிதானால் அந்த எல்லை ஓர் அங்குலமும் நகராது. நீங்கள் அதை எட்டுவதுதான் சுலபமாகும். இதற்கு வந்த பதில்: 'நான் கவனமாக ஓட்டுவேன்.' சுடுகாட்டுக் கல்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது.

சரி, சாவது அவர்தானே, உனக்கென்ன என்று கேட்பீர்கள். அவர் மட்டும்தான் என்றால் இந்தக் கட்டுரையே எனக்குத் தேவையில்லை.

1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் விழுந்து இறந்தார். விமானம் லாங்-ஈஸி, பர்ட் ரூட்டன் வடிவமைத்தது. சுமார் 115 குதிரை எஞ்சினுக்காக வரையப்பட்ட அதில் 150 குதிரை எஞ்சின் இருந்தது. விபத்துக்குக் காரணம் அந்த எஞ்சின் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் ஒரு கைப்பிடி. எஞ்சினுக்கு எந்த டாங்கிலிருந்து எரிபொருள் போக வேண்டும் என்று மாற்றும் கைப்பிடி வரைபடத்தில் விமானியின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கட்டியவர் அதைத் தன் இஷ்டத்துக்கு விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பியபோது கால் வலது ரடரை அழுத்தியிருக்கிறது என்பது விசாரணையின் முடிவு. டென்வருடைய தவறுகளையும் அறிக்கை சொல்கிறது: பெட்ரோல் நிரப்பவில்லை, அந்த ரக விமானத்தில் பழக்கம் இல்லை. ஆனாலும் கட்டியவரின் சுதந்திரத்தை அனுபவித்தது கட்டியவர், விலையைக் கொடுத்தது விலைக்கு வாங்கியவர்.

டென்வர் காசு கொடுத்து வாங்கினார், தெரிந்து ஏறினார். தவிர, இப்படிப்பட்ட விமானத்தின் உள்ளே பயணி கண்ணில் படும்படி ஒரு பலகை இருக்க வேண்டும் என்பது சட்டம். இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அது எச்சரிக்கிறது. கதவருகில் 'சோதனை' என்று குறைந்தது இரண்டு அங்குல உயர எழுத்து வேறு. எவ்வளவு நாணயம் பாருங்கள்! ஏறுகிறவனுக்கு எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. கீழே இருப்பவனுக்கு?

கீழே இருப்பவன் கதை பிஸ்டனில் தொடங்குகிறது. லைகமிங் ஓ-320 எஞ்சினின் 150 குதிரை வடிவத்துக்கு அமுக்க விகிதம் 7-க்கு 1. எண்பது ஆக்டேன் பெட்ரோலே போதும் என்று பிறந்த சாது அது. பிஸ்டனை மாற்றி விகிதத்தை 8.5 ஆக்கினால் 160 குதிரை. அங்கே நின்றால்கூட மன்னிக்கலாம். 200 குதிரை ஐஓ-360 எஞ்சினில் விகிதம் 8.7, அதற்கு நூறு ஆக்டேன் வேண்டும். கார் ஷெட் சந்தையிலோ 9, 10 என்று பிஸ்டன் கிடைக்கிறது. இவ்வளவு நெருக்கினால் சாதாரணப் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கும், எஞ்சின் நாக்கிங் அடித்துச் சாகும். அதைத் தடுக்க விமானப் பெட்ரோலில் கலப்பது டெட்ரா எத்தில் ஈயம். 100எல்எல் என்பது அந்தப் பெட்ரோலின் பெயர். எல்எல் என்றால் குறைந்த ஈயமாம். லிட்டருக்கு 0.56 கிராம் வரை அனுமதி. மணிக்கு 35 லிட்டர் குடிக்கும் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 20 கிராம் ஈயத்தைக் காற்றில் தூவலாம். அந்த ஈயம் மேகத்துக்கு மேலே குடியேறிவிடுவதில்லை. ஓடுபாதை முனையில் எஞ்சினை முறுக்கிச் சோதிக்கிறீர்களே, அங்கிருந்தே வேலிக்கு அந்தப் பக்கம் போகிறது.

இந்த ஈயத்தின் ஜாதகம் தெரியாதவர்கள் இல்லை. இது நாக்கிங்கை அடக்கும் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் பித்துப் பிடித்துச் செத்தார்கள், ஐந்து பேர். மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அந்தத் திரவத்தில் கையை நனைத்து, முகர்ந்தும் காட்டி, ஒன்றும் ஆகாது என்றார். அதற்கு முந்தின ஆண்டுதான் அதே ஈய விஷம் ஏறி அவர் ஃப்ளோரிடாவுக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார். அமெரிக்கக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996-இல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவும் 2021-இல் கார்களுக்கு நிறுத்திவிட்டது. விமானம் சாலையில் ஓடுவதில்லை அல்லவா? அதனால் 1996 தடை அதைத் தொடவில்லை. இன்று அமெரிக்கக் காற்றில் கலக்கும் ஈயத்தில் சுமார் 70 சதவீதம் பிஸ்டன் விமானங்களுடையது.

விமான ஈயம் ஆபத்தா என்று ஆராய்ந்து சொல்லுங்கள் என ஒரு சூழல் அமைப்பு அரசின் சுற்றுச்சூழல் முகமையிடம் மனுக் கொடுத்தது 2006-இல். ஆமாம், ஆபத்துதான் என்று முகமை இறுதியாக அறிவித்தது 2023 அக்டோபரில். ஈயம் விஷம் என்று கண்டுபிடிக்கப் பதினேழு ஆண்டு! குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று அதே நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

சிலிக்கான் பள்ளத்தாக்கின் கிழக்கு சான் ஹோசேயில் ரீட்-ஹில்வியூ என்று ஒரு சின்ன விமான நிலையம். வேலியை ஒட்டி வீடுகள், பள்ளிகள். மென்பொருள் முதலாளிகள் குடியிருக்கும் பக்கம் இல்லை அது, உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் பக்கம். சான்டா கிளாரா மாவட்டம் ஏற்பாடு செய்த ஆய்வு 2021-இல் வந்தது. நிலையத்துக்கு அருகில் வாழும் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகம். காற்று வீசும் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏறிய அளவு ஃப்ளின்ட் நகரத்தில் குடிநீரில் ஈயம் கலந்த அநியாயத்தில் ஏறியதற்கு நிகர். மாவட்டம் 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது.

உடனே மத்திய விமானத் துறை பாய்ந்து வந்தது. பிள்ளைகளைப் பரிசோதிக்கவா? மாவட்டத்தை விசாரிக்க! மானியம் வாங்கியபோது போட்ட நிபந்தனையை மீறினாயா என்று கேட்டது. பிறகு 2024-இல் நாடாளுமன்றமே ஒரு சட்டம் செய்தது. 2022-இல் ஈயப் பெட்ரோல் விற்ற எந்த விமான நிலையமும், ஏறக்குறைய எல்லா எஞ்சினுக்கும் ஒத்துவரும் மாற்று கிடைக்கும் வரை, இல்லாவிட்டால் 2030 முடியும் வரை, விற்பனையை நிறுத்தக் கூடாது. விஷத்தை விற்காதே என்று சட்டம் போடும் நாடுகளைப் பார்த்திருக்கிறோம். விற்பதை நிறுத்தாதே என்று போட்ட நாட்டையும் பார்த்தாயிற்று.

பெரிய எஞ்சின் வைத்த பழைய கம்பெனி விமானக்காரர்களுக்கு ஒரு சாக்கு உண்டு: எங்கள் கை சட்டத்தால் கட்டப்பட்டிருக்கிறது, அங்கீகரிக்காத பெட்ரோலை ஊற்ற முடியாது. சாக்கு என்றாலும் அதில் பாதி உண்மை. கார் ஷெட் கனவான்களே, உங்கள் கையை எவன் கட்டினான்? எத்தனாலில்லாத கார் பெட்ரோலில் ஓடும் எஞ்சினை நீங்கள் யாரையும் கேட்காமல் மாட்டலாம். 94 ஆக்டேன் ஈயமில்லாப் பெட்ரோல் விற்கிறது. கார் பெட்ரோலிலேயே நூறு குதிரை தரும் ரோடாக்ஸ் இருக்கிறது. சோதனை வகை என்று கதவில் எழுதி வைத்திருக்கிறீர்களே, சோதித்துக் காட்டியிருக்க வேண்டியது இதைத்தான். செய்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களை ஹேங்கர் வாசலில் 'பொம்மை எஞ்சின்காரன்' என்று கேலி செய்வீர்கள்.

ஈயமில்லாத நூறு ஆக்டேன் பெட்ரோல் ஒன்றுக்கு 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. 2024 இறுதியில் ரீட்-ஹில்வியூவிலேயே விற்பனைக்கும் வந்தது. அப்போதுதான் கனவான்களின் மனசாட்சி விழித்தது: இறக்கையில் சிந்தினால் பெயின்ட் கறைபடுகிறதாம், உரிகிறதாம்! டாங்க் சீலன்ட் கசிகிறது என்றும் சிலர் சொன்னார்கள். அது பறக்கும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தீர ஆராயட்டும். ஆனால் பெயின்ட்டுக்காக எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைகளுக்காக எழுந்திருந்தால் மிட்ஜ்லியின் சரக்கு எப்போதோ மியூசியத்துக்குப் போயிருக்கும். பெயின்ட் உரிவது கண்ணுக்குத் தெரிகிறது. பெயின்ட் உங்களுடையது. வேலிக்கு அந்தப் பக்கத்து ரத்தம் யாருடையதோ.

ஏறும் பயணிக்கு வைத்த பலகையைப் போல அந்த வீட்டுக் கதவுகளிலும் ஒன்று மாட்டச் சட்டம் செய்யலாம். 'இந்த வீட்டுப் பிள்ளை சுவாசிக்கும் காற்று பொழுதுபோக்கு நோக்கத்துக்காக மாற்றியமைக்கப்பட்டது. வழக்கமான பாதுகாப்பு விதிகள் பொருந்தா.' எழுத்து இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. செலவு? உங்கள் புது ப்ரொப்பெல்லர் விலையில் அந்தத் தெரு முழுவதற்கும் மாட்டிவிடலாம்.

2030 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 2020-இல் ஒரு வயதில் ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிய பிள்ளை அன்றைக்குப் பதினொரு வயதில் இருக்கும். அதன் மூளை ஏறக்குறையக் கட்டி முடிக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி வேறு மாட்ட எந்த ஹேங்கரிலும் வழியில்லை. நீங்களோ இதற்குள் 180-இலிருந்து 200-க்கு வந்திருப்பீர்கள். பத்துக்கு ஒன்று பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, பெட்ரோல் விலை ஏறிவிட்டதென்று அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.