ஸ்லைடு மாமா

மும்பை செம்பூரில் ஸ்லைடு மாமா இல்லாத ஹவுசிங் சொசைட்டியே கிடையாது. டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்திலோ ஏதாவது ஒரு வங்கியிலோ ஓய்வு பெற்றவராக இருப்பார். மற்றவர்கள் ஓய்வுக்குப் பிறகு வேதாந்தத்தின் பக்கம் போவார்கள். இவர் பவர்பாயிண்ட் பக்கம் போய்விட்டார். 1987இல் பிறந்த அந்த மென்பொருளை அதே ஆண்டில் 1.4 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கொடுத்த காசுக்கு ஒரு பைசா மிச்சமில்லாமல் வேலை வாங்கியவர் மாமாதான்.

பத்தாவது ரிசல்ட் வந்ததும், 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று தாராவிப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கிளம்புவார். முதல் நாளே மாட்டுங்காவில் நண்பர்கள் முன்னால் ஒத்திகை நடந்திருக்கும். எல்லோரும் "பிரமாதம் ஓய்!" என்றிருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பேரன் பேத்திகளுக்கு எப்போதோ சீட் கிடைத்துவிட்டது.

செம்பூர் ஆட்டோவுக்கு சயானைத் தாண்ட அனுமதியில்லை. அங்கே இறங்கி, லேப்டாப், ப்ரொஜெக்டர், உலகத்தில் உள்ள அத்தனை வகை வயர்கள் சகிதம் 90 அடி ரோட்டுக்கு நடந்தே வருவார். மாடி அறையில் பிள்ளைகள் தரையில் காத்திருப்பார்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், திரை ஆடுகிறதாம்.

மொத்தம் 64 ஸ்லைடு. எழுத்துகள் பறந்து வரும், குதிக்கும், கரணம் போடும். அவை ஓய்ந்து நின்றதும் மாமா திரும்பி நின்று ஒரு வரி விடாமல் வாசிப்பார். முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு அவருடைய பின்கழுத்து மனப்பாடம். விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஐ.டி.ஐ., டிப்ளமா, பதினோராம் வகுப்பு ஆன்லைன் சேர்க்கை என்று எல்லாம் உண்டு. கப்பல் பொறியியலுக்கு மட்டும் ஐந்து ஸ்லைடு.

ஒன்பதாவது ஸ்லைடிலேயே ஒரு பெண் கை தூக்குவாள்.

"சார், ஜாதி தாக்லா, அதான் சர்டிபிகேட், கேக்குறாங்க. அப்பாவுக்குத் திருநெல்வேலியில எடுத்தது இருக்கு. அது இங்க செல்லுமா?"

"கேள்வியெல்லாம் கடைசியில, கொழந்தே."

முப்பதாவதில் மறுபடி கை. "வரது, வரது!" வந்ததென்னவோ ரோஜாப் பூவோடு 'நன்றி' ஸ்லைடுதான். அதற்குள் அறையை அடுத்த வகுப்புக்காரர்கள் கேட்டு வந்துவிட்டார்கள்.

கதவோரம் நின்றிருந்த டியூஷன் அக்கா அந்தப் பெண்ணை வெளியே அழைத்தாள்.

"ஊர்ல எடுத்தத வச்சு இங்க சலுகை கெடைக்காதுட்டி. நம்மள மாதிரி எஸ்.சி.ன்னா, 1950 ஆகஸ்ட் 10க்கு முன்னாலயே குடும்பம் மகாராஷ்டிரத்துல இருந்துச்சுன்னு காட்டணும். தாத்தாவோட ஸ்கூல் பேப்பர், வாடகை ரசீது ஏதாச்சும் கெடக்கா?"

தோல் பதனிடும் வேலைக்கு ரயிலேறி வந்த தாத்தா எந்த ஸ்கூலுக்குப் போனார்? அவர் போட்ட குடிசைக்கு யார் ரசீது கொடுத்தது?

"பாட்டிகிட்ட டிரங்குப் பெட்டி ஒண்ணு இருக்குக்கா."

"அதக் கொட்டிப் பாரு. ஒண்ணுமில்லன்னா ஓப்பன்லதான் போடணும். அதுக்கு எந்தக் காலேஜ்னு நாளைக்கு வா, ஒக்காந்து பாப்போம்."

வயர் சுருட்டிக்கொண்டே மாமா இதையெல்லாம் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, பாக்கெட் டயரியில் குறித்தும் கொண்டார். நல்ல மனுஷர்.

அடுத்த வாரக் கூட்டத்தில் 65ஆவது ஸ்லைடு தயார். 1950 என்ற எண் இடது மூலையிலிருந்து சுழன்று வந்து, மணியோசையோடு நடுவில் நிற்கிறது.