மேசை மிஷின் வாங்கப் போற மாப்ளைக்கு

வாய்யா மாப்ளே, உக்காரு. கத்தி செய்ய மில்லிங் மிஷின் வாங்கப் போறியாமே, உங்க ஆத்தா சொல்லுச்சு. ரொம்பச் சந்தோசம். திருப்பாச்சேத்தியில நாங்க தலைமுறை தலைமுறையா அருவா அடிச்சு என்ன பிரயோசனம்? ஒரு பயலுக்கு இந்த யோசனை வந்துச்சா? லாரிப் பட்டையை உலையில போட்டு, சம்மட்டி அடிச்சு, அரத்தால ராவியே ஆயுசைத் தொலைச்சுட்டோம்.

ஆமா, இதுவரைக்கும் எத்தனை கத்தி முடிச்சே? ஒண்ணா? அதுக்கும் இன்னும் பிடி போடலையா? சரி சரி, மூஞ்சியத் தூக்காதே. நல்ல கைராசிக்காரன்தான் நீ.

மிஷின் வந்ததும் கத்தி தானா வந்து விழும்னு மட்டும் நினைக்காதே. வாய் பக்கம் சாய்வு எடுக்கிறது பெல்ட் கிரைண்டர் வேலை. சீமையில கத்தி செய்யிறவங்களும் 2 அங்குல அகலம், 72 அங்குல நீளப் பெல்ட்டுலதான் தேய்க்கிறாங்க. மில்லிங் மிஷின், பிடிக்கு முன்னால வைக்கிற பித்தளைத் தடுப்புல நேரா ஒரு காடி எடுக்கும், ஆணி ஓட்டையைச் சரியான இடத்துல போடும், மடக்குக் கத்திக்குப் பள்ளம் வெட்டும். அந்தக் காடியோட மூலையையும் உருண்டையாத்தான் விட்டுட்டுப் போகும், ஏன்னா எண்ட் மில்னு சொல்ற சுத்துற உளிக்குச் சதுரம் தெரியாது. மூலையை ராவ எங்கே வரணும்? இந்தக் கிழவனோட அரத்துக்கிட்டதான்.

“டிரில்லிங் மிஷின்லயே எண்ட் மில்லை மாட்டிக்கிறேன்”னு சிக்கனம் பேசாதே. டிரில்லைப் பிடிக்கிற அந்தச் சக்கு கீழே அமுக்கினா நிக்கும். பக்கவாட்டுல தள்ளினா ஆடி ஆடிக் கழண்டு விழுந்துரும், சுத்திக்கிட்டே. உனக்கு இன்னும் கல்யாணம் வேற ஆகலை.

இப்ப மிஷினுக்கு வா. பெயின்ட்டையும் வெளிச்சம் காட்டுற டிஸ்பிளேயையும் பார்த்து மயங்காம, எடையைக் கேளு. 50, 60 கிலோவுல ஒரு ரகம் இருக்கு. பித்தளைக்குப் பரவாயில்லை. எஃகைத் தொட்டா அதுக்கே நடுக்கம் வந்துரும், காடி முழுக்க அலையடிக்கும். 150 கிலோவுக்கு மேல போனா நின்னு வேலை செய்யும். தூண் உருண்டையா இருக்கிறதை வாங்காதே. தலையை ஏத்தி இறக்கினா கொஞ்சம் திரும்பிக்கும், அப்புறம் நீ முன்னாடி பிடிச்ச அளவு கோவிந்தா. டவ்டெயில் தூண் அப்படித் திரும்பாது.

கடையில வெக்கப்படாம கைவை. கைச்சக்கரத்தை முன்னே சுத்தி, அப்படியே பின்னாலே திருப்பு. மேசை நகராம எத்தனை கோடு சும்மா ஓடுதுன்னு எண்ணு. அதுதான் ப்ளே. கொஞ்சம் இல்லாத மிஷின் கிடையாது. கால் சுத்து ஓடுச்சுன்னா கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிச்சுட்டு வந்துரு. அப்புறம் தலையில டயல் கேஜைக் கட்டி, முள்ளை மேசையில தொடவச்சு, தலையைக் கையால தள்ளு. முள் எவ்வளவு துள்ளுதோ அவ்வளவு உன் காடியும் துள்ளும்.

உளி மாட்டுற சுழல்தண்டு வாய் ஆர்8-ஆ, எம்டி3-யான்னும் கேளு. எம்டி3 இறுகிப் பிடிச்சுக்கும், உளி மாத்த ஒவ்வொரு தடவையும் பலமா ஒரு தட்டுத் தட்டணும். தட்டுறது எனக்குப் பிடிக்கும், உன் பேரிங்குக்குப் பிடிக்காது. ஆர்8 லேசுல கழலும். வேகமும் முக்கியம். 3 மில்லி ஹைஸ்பீடு உளியால எஃகு வெட்ட நிமிசத்துக்கு 2,500 சுத்தாவது வேணும்.

கையில இருக்கிற காசு மொத்தத்தையும் மிஷின்ல கொட்டிராதே. மாடு வாங்கறவன் கயித்துக்கும் வைக்கோலுக்கும் மடியில மிச்சம் வைக்கணும். நல்ல வைஸ், உளியைப் பிடிக்கிற கோலட், எண்ட் மில், கிளாம்ப், டயல் கேஜ்னு சேர்த்தா மிஷின் விலையில பாதி தாராளமா ஆகும். வேலையில இறங்கினா, ஓட்டை, காடி எல்லாத்தையும் கத்தியைக் காய்ச்சித் தோய்ச்சல் போடுறதுக்கு முன்னாலேயே முடிச்சுக்க. தோய்ச்சல் ஆன கத்தியில ஹைஸ்பீடு உளியை ஓட்டினா, கத்திக்கு ஒண்ணும் ஆகாது, உளிதான் மொட்டையாகும்.

ஆகமொத்தம் 150 கிலோவுக்குக் குறையாம எடு மாப்ளே. ஆனா அதை உன் மதுரை வீட்டு மாடிக்கு எப்படி ஏத்துவே? வீட்டுக்காரர் விடுவாரா? பரவாயில்லை, என் பட்டறையில கிழக்கு மூலை காலியாத்தான் கிடக்கு. நேத்தே கூட்டி வச்சுட்டேன். வாடகையெல்லாம் வேணாம், கரண்ட் பில் மட்டும் கட்டிரு. ஞாயித்துக்கிழமை வந்து நீ ஓட்டு. மத்த ஆறு நாளும் அது துருப்பிடிக்காம நான் பார்த்துக்கிறேன்.