பேக்கிரவுண்டு சரியில்லை!

மார்கழி பிறந்தால் சென்னையில் சிலர் கச்சேரிக்குக் கிளம்புவார்கள், சிலர் கோயிலுக்கு. லென்ஸ்காரர் மதுராந்தகம் பக்கம் கிளம்புவார். விடியற்காலை நாலு மணிக்கே கார் எடுத்தாகிவிடும். வெளியே இருபது டிகிரிக்குக் குறையாது. ஆனால் அவர் உடுப்பு லடாக்கை எதிர்பார்த்துத் தைத்தது. காதை மூடிய குல்லா, விரல்நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் கையுறை, காட்டோடு காடாகக் கலந்துவிடுவதற்கென்றே வாங்கிய இலைபோட்ட ஜாக்கெட். அதில் அச்சடித்திருக்கும் இலை நம் பக்கத்து மரம் எதிலும் கிடையாது. கதிர் வாங்கிய சம்பா வயலின் வரப்பில் அந்த ஜாக்கெட்டோடு நின்றால், பறவைக்குத் தெரிகிறதோ இல்லையோ, மாடு கட்டாயம் மிரளும்.

தோளில் 200-600 ஜூம் லென்ஸ். லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ. அதைத் தாங்க முக்காலி. இந்த முக்காலிதான் ஊருக்குள் வம்பு. எட்டுவழிச் சாலைக்காக 2018-இல் வயலுக்குள் கல் நட்ட கதையைக் கேட்டவர்கள் யாரும் முக்காலியோடு வருகிறவரைச் சும்மா விடமாட்டார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வருவார்.

“சார், சர்வேயா?”

“இல்லைங்க பெரியவரே, குருவி போட்டோ எடுக்க வந்தேன்.”

“குருவிக்கா இம்மாம் பெரிய பீரங்கி?”

பெரியவர் நம்பியதாகத் தெரியாது. பின்னாலேயே நடந்து வருவார்.

லென்ஸ்காரருக்குப் பறவைகள் மீது குறையே கிடையாது. பேரெல்லாம் தமிழிலேயே சொல்வார்: பனங்காடை, பஞ்சுருட்டான், கொண்டலாத்தி, கரிச்சான். வெயில் மீதும் குறையில்லை. ஏழு மணி வெயில் சாய்வாக விழுந்து இறகைப் பொன்னாக்கும்போது கண் கலங்கிவிடும் மனிதர். அவருக்கு இருக்கும் ஒரே தீராப்பகை பேக்கிரவுண்டோடு.

பனங்காடை எங்கே உட்காரும்? மின்கம்பியில். அங்கிருந்து பார்த்தால்தான் வயலில் ஊரும் பூச்சியும் ஓணானும் தெளிவாகத் தெரியும். அது வேட்டைக்காக உட்கார்ந்திருக்கிறது, போட்டோவுக்காக இல்லை. கரிச்சானும் கம்பியில்தான், பஞ்சுருட்டானும் கம்பியில்தான். லென்ஸ்காரர் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துவிட்டு, பெருமூச்சோடு தீர்ப்புச் சொல்வார்: “பர்ட் சூப்பர், லைட் சூப்பர். பேக்கிரவுண்டு சரியில்லை.”

கம்பி ஆகாது. கம்பம் ஆகாது. மோட்டார் கொட்டகை, ஆட்டுக்கிடை, துணி காயும் வேலி, ஏரிக்கரையில் பல் விளக்கும் ஆள், எதுவும் ஆகாது. பறவைக்குப் பின்னால் வெண்ணெய் போல வழவழவென்று ஒரு பச்சை மட்டும் இருக்க வேண்டும். அதற்குத்தான் அத்தனை லட்சம் போட்டு லென்ஸ் வாங்கியிருக்கிறார். ஊரைக் கலைத்துவிடும் வேலையை அந்தக் கண்ணாடி நன்றாகவே செய்யும். ஆனால் பறவை நேராகக் குழாய் மேலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்ய?

உட்கார்ந்தேவிட்டது. பம்ப்செட் தொட்டிக்கு மேல், வெளுத்துப்போன பி.வி.சி. குழாயின் வாயில், வெண்மார்பு மீன்கொத்தி. முதுகில் அந்த நீலம், செங்கல் நிற அலகு, கண்ணில் ஒரு துளி வெயில். லென்ஸ்காரர் உடனே பட்டனை அழுத்தவில்லை. குழாயை முறைத்தார். பிறகு மெதுவாகக் காருக்குத் திரும்பி, டிக்கியிலிருந்து ஒரு காய்ந்த கிளையை எடுத்து வந்தார். வளைவு, முடிச்சு, பாசி எல்லாம் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கும் கிளை. பேரன் பொம்மையைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று வீட்டில் புகார் உண்டு. வரப்பில் குழி தோண்டி நட்டார், தள்ளி வந்து மண்டியிட்டுக் காத்திருந்தார். மீன்கொத்தி அந்தக் கிளையை ஒரு தடவை பார்த்தது. குழாயிலேயே இருந்தது. கிளையில் காக்காய் வந்து உட்கார்ந்தது.

பின்னாலிருந்து பெரியவர் குரல்: “சர்வே இல்லேன்னீங்க. இப்போ குச்சி நடறீங்களே சார்?”

இந்தச் சீமையில் ஊரைக் கழித்துவிட்டால் பறவையும் மிஞ்சாது என்பதை அவரிடம் யார் சொல்வது? பக்கத்திலேயே வேடந்தாங்கல். அங்கே நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கடப்ப மரங்களில் குடும்பம் நடத்துவது யாரும் இல்லாத காட்டில் அல்ல, பாசனத்துக்காக ஆட்கள் வெட்டிய ஏரியில். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் கழனி கொழிக்கும் என்று தெரிந்துகொண்ட ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். லென்ஸ்காரருக்கு இது மனப்பாடம்; கூட்டங்களில் அழகாகப் பேசுவார். அந்த ஊர்க்காரர்களின் வாரிசு ஒருவர் சைக்கிளில் பிரேமுக்குள் வந்துவிட்டால் மட்டும், “கொஞ்சம் ஒதுங்குங்க ப்ளீஸ்.”

மா. கிருஷ்ணனையும் விடமாட்டார். பழைய உதிரிகளை இணைத்துத் தானே கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானையையும் காட்டெருமையையும் எடுத்த மனிதர் அவர். அணிலையும் காக்காயையும் பற்றி அதே மரியாதையோடு எழுதியவர். “கிருஷ்ணன் சார்கிட்ட இருந்தது பொறுமை!” என்று லென்ஸ்காரர் உருகும்போது, அவருடைய கேமரா வினாடிக்கு இருபது என்ற கணக்கில் ஒரே கொக்கின் ஒரே காலைச் சுட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கு உண்மையான சோதனை பொங்கலில் வரும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அவரும் சேர்ந்திருக்கிறார். அங்கே கம்பி மேல் இருக்கும் மைனாவும் ஒன்றுதான், கிளை மேல் இருக்கும் மைனாவும் ஒன்றுதான். குப்பைமேட்டு உண்ணிக்கொக்கையும் எண்ணி எழுத வேண்டும். கூட வந்த கல்லூரிப் பெண் கையில் ஒரு பைனாகுலர், ஒரு போன்; கால் மணி நேரத்தில் பட்டியலை நிரப்பிவிட்டு அடுத்த குளத்துக்குப் போய்விட்டாள். லென்ஸ்காரர் முதல் கம்பத்தடியிலேயே நிற்கிறார், பனங்காடை கீழே இறங்கும் என்ற நம்பிக்கையில்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கூட்டுக்குள் லென்ஸை நீட்டுவது, போனில் ஆந்தைக் குரல் போட்டு ஆந்தையை ஏமாற்றுவது, இந்த அற்பத்தனம் எதுவும் அவரிடம் இல்லை. கெடுதல் எல்லாம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த பிறகுதான். இப்போதெல்லாம் கம்பியை அழிப்பதற்கு ஒரு சொடுக்குப் போதும். அழித்தார். பனங்காடை இறக்கையை மடித்துக்கொண்டு, விரல்களை இறுக மூடி, வெறும் ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறது. அபார்ட்மெண்ட் குரூப்பில் கைதட்டல் குவிந்தது. ஆறாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் மட்டும், “அங்கிள், இது ஏன் கீழ விழல?” என்று கேட்டிருந்தான். பதில் இன்னும் போகவில்லை.

படம் அனுப்புகிறேன் என்று பெரியவருக்குக் கொடுத்திருந்த வாக்கையும் தவறாமல் காப்பாற்றினார். குழாயை அழித்து, தொட்டியை அழித்து, பச்சை பூசிய மீன்கொத்தி. சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“சார், குருவி ரொம்ப நல்லா இருக்குது. எங்க கழனின்னு சொன்னீங்க, எந்தக் கழனின்னுதான் புரியல. அது இருக்கட்டும். வரப்புல நட்ட குச்சியைப் பார்த்துட்டு பக்கத்துக் கழனிக்காரன் வி.ஏ.ஓ.வைக் கூட்டியாந்துட்டான். அவர் டேப்பு புடிச்சு அளந்துக்கினு இருக்காரு. நீங்க ஒரு நடை வந்து சொல்லிட்டுப் போனா நல்லாருக்கும்.”